ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டும் முன்: கொழும்புச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. வெள்ளவத்தையில் சேலைக் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்தார். "தம்பி, சைட் திறக்குதில்லை. லண்டனிலயிருந்து சனம் ஓடர் போடேலாமல் நிக்குது." திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம், 508 என்ற எண், வள வரம்பு முடிந்துவிட்டது என்று கீழே ஒரு வரி. உடனே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டோம். பதினொரு மணிநேரம் கழித்து வந்த பதில்: பெரிய பிளானுக்கு மாறுங்கள். வாங்கிய பிளானில் 'அன்லிமிட்டட்' என்று எழுதியிருந்ததை நம்பித்தான் ஐயா மூன்று வருடக் காசை மொத்தமாகக் கட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு விற்பனைப் பக்கத்தைப் பார்த்து ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் வாடகை இடம்) தெரிவு செய்வதை நிறுத்திவிட்டேன். இப்போது மூன்று நாட்களை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன்: சைட் விழும் நாள், புதுப்பிக்கும் பில் வரும் நாள், அந்த நிறுவனத்தை விட்டு விலகும் நாள். இந்த மூன்று நாளும் எப்படி இருக்கும் என்பதைக் காசு கட்டும் முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரம் ஒதுக்குங்கள், போதும்.

முதல் படி: யார் வருவார்கள், எப்போது வருவார்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று விடயங்களை எழுதுங்கள். உங்கள் சைட்டுக்கு வருபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்? கூட்டம் மொத்தமாகக் குவியும் நாள் எது? சைட்டுக்குள் ஓடர், பதிவு, கட்டணம் ஏதாவது நடக்கிறதா, அல்லது வாசிக்க மட்டுமா?

பம்பலப்பிட்டியில் டியூஷன் வகுப்பு நடத்துபவரின் நேர அட்டவணைப் பக்கத்துக்கு மிகச் சாதாரண ஷெயார்ட் ஹோஸ்டிங் (பல சைட்கள் பகிரும் ஒரே சேர்வர் கணினி) போதும். ஒன்லைன் கடைக்குப் போதாமல் போகலாம். விபிஎஸ் (நாமே பராமரிக்க வேண்டிய, தனியாகப் பிரித்த சேர்வர்) எடுக்கச் சொல்லி ஆலோசனை சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பராமரிக்க, பாதுகாப்பு அப்டேட் போட, நடுச்சாமத்தில் எழும்பிப் பார்க்க உங்களிடம் ஆள் இல்லையென்றால் எடுக்காதீர்கள். கவனிப்பாரில்லாத விபிஎஸ்ஸை விட ஒழுங்கான ஷெயார்ட் ஹோஸ்டிங் எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: டொமைன் உங்கள் பெயரில், வேறு இடத்தில்

இதைச் சொல்லாமல் நான் யாரையும் அடுத்த படிக்கு விடுவதில்லை. பழைய மாணவர் சங்கம் ஒன்றுக்காக வேலை செய்தபோது, டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யாருடைய பெயரில் இருக்கிறது என்று தேடினோம். பத்து வருடத்துக்கு முன் சைட் செய்து கொடுத்த தம்பியின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் கனடா போய்விட்டார், அந்த மின்னஞ்சலும் கைவிடப்பட்டுக் கிடந்தது. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் புதுப்பிக்கும் திகதி முடிய ஒன்பது நாள்தான் மிச்சம்.

டொமைனைப் பதிவு செய்யும்போது நிறுவனத்தின் பெயர், நிறுவனத்தின் மின்னஞ்சல், பொறுப்பானவர்கள் இருவர் பார்க்கக்கூடிய கடவுச்சொல், இவை மூன்றும் வேண்டும். டொட் எல்கே, .இலங்கை டொமைன்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எடுக்கலாம். டொட் கொம் என்றால் ஹோஸ்டிங் நிறுவனம் அல்லாத ஒரு பதிவாளரிடம் (டொமைன் பதிந்து தரும் நிறுவனம்) எடுங்கள். 'முதல் வருடம் டொமைன் இலவசம்' என்ற சலுகையை நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஹோஸ்டிங்கோடு சண்டை வரும் நாளில் டொமைனும் அவர்கள் கையிலேயே இருக்கும். புதிதாகப் பதிந்த டொட் கொம்மை முதல் 60 நாட்களுக்கு இன்னொரு பதிவாளரிடம் மாற்றவும் முடியாது.

மூன்றாம் படி: சேர்வர் உண்மையில் எங்கே இருக்கிறது

கொழும்பு முகவரி உள்ள நிறுவனம் என்றால் சேர்வரும் கொழும்பில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் நிறுவனங்கள் பல, சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சேர்வரை வாடகைக்கு எடுத்து இங்கே பிரித்து விற்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தூரத்தை ஏமாற்ற முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர், ஆக போய் வர எப்படியும் 27 மில்லிசெக்கன். அமெரிக்காவின் கிழக்குக் கரை சுமார் 14,000 கிலோமீற்றர், போய் வர 140 மில்லிசெக்கன். இது கணக்கில் வரும் மிகக் குறைந்த அளவு. கடலடி கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இதைவிட நன்றாகவே கூடும். பாதுகாப்பான இணைப்பு ஒன்று தொடங்கி முதல் எழுத்து திரையில் வருவதற்குள் இந்தப் பயணம் மூன்று நான்கு தடவை நடக்கிறது. அமெரிக்க சேர்வர் என்றால் பக்கம் திறக்கத் தொடங்கவே முக்கால் செக்கன் போய்விடும்.

ஆகவே விற்பனைப் பிரிவிடம் சோதனை ஐபி முகவரி (சேர்வரின் இணைய இலக்கம்) ஒன்றைக் கேளுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து ஒரு தடவை, போன் டேட்டாவிலிருந்து ஒரு தடவை, இரவு எட்டு மணிக்குப் பிறகு பிங் செய்து, அதாவது ஒரு சிறு தகவல் போய் வரும் நேரத்தை அளந்து, பாருங்கள். ஐம்பது, அறுபது, எண்பது மில்லிசெக்கன் என்று வந்தால் பக்கத்தில்தான் இருக்கிறது. இருநூற்றைத் தாண்டினால் 'ஆசிய சேர்வர்' என்று அவர்கள் சொன்னதைத் திரும்பக் கேட்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கிளவுட்ஃபிளேர் போன்ற, சைட்டுக்கு முன்னால் நின்று பக்கங்களை அருகிலிருந்து கொடுக்கும் சேவைக்குப் பின்னால் இருக்கும் முகவரியைப் பிங் செய்தால், அவர்களுக்குக் கொழும்பிலும் மையம் இருப்பதால், எண் மிக அழகாக வரும். அது சேர்வரின் தூரம் அல்ல.

வாடிக்கையாளர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தால் கணக்கு தலைகீழ். அந்தப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஐரோப்பிய சேர்வரைத்தான் தெரிவு செய்தோம், வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான்.

சேர்வர் இலங்கையிலேயே இருக்கிறது என்றால் இன்னொரு கேள்வி: ஜெனரேட்டருக்கு எத்தனை மணிநேர டீசல் கையிருப்பில் இருக்கும்? 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் போன நாட்களையும், டீசலுக்கு நின்ற வரிசைகளையும் பார்த்தவர்களுக்கு இது மிகையான கேள்வியாகத் தெரியாது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், முகவரி போன்றவற்றைச் சேகரிக்கிறீர்களா? அப்படியென்றால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, தரவு எந்த நாட்டில் தங்குகிறது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: 'அன்லிமிட்டட்' என்ற சொல்லுக்குக் கீழே இருப்பவை

சேலைக் கடை விழுந்தது இங்கேதான். இடமும் போக்குவரத்தும் அன்லிமிட்டட் என்பார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் சைட்டை விழுத்துவது அவை அல்ல. ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, மெமரி, டிஸ்க் வேகம், ஒரே நேரத்தில் உள்ளே வரும் வேலைகளின் எண்ணிக்கை என்று வரம்புகள் உண்டு. கடைசியாகச் சொன்னதுக்குப் பெயர் என்ட்ரி ப்ராசஸ்.

ஒரு கடையில் இருபது காசாளர் மேசை இருப்பதாக நினையுங்கள். என்ட்ரி ப்ராசஸ் 20 என்றால் இருபது பேர்தான் சைட்டுக்கு வரலாம் என்று அர்த்தம் இல்லை, ஒரே கணத்தில் இருபது வேலை நடக்கலாம் என்று அர்த்தம். ஒரு பக்கத்தைத் தயாரிக்க அரைச் செக்கன் எடுத்தால் செக்கனுக்கு நாற்பது பக்கம் கொடுக்கலாம். அதே பக்கம் மூன்று செக்கன் எடுத்தால் ஏழைக்கூடத் தொடாது. மெதுவான சைட்தான் முதலில் விழும். அந்த இரவு ஐயாவின் மகள் பேஸ்புக்கில் புதுச் சேலைகளின் படம் போட்டிருக்கிறார், ஐந்து நிமிடத்துக்குள் கூட்டம் வந்திருக்கிறது. சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கம்) வளப் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்தேன். என்ட்ரி ப்ராசஸ் கோடு 20இல் முட்டி, மேசை விளிம்பு போல நேராகப் படுத்துக் கிடந்தது. சிபியு பாதியைக்கூடத் தொடவில்லை.

சாதாரணப் பக்கங்களைக் கேஷ் (முன்பே தயாரித்து வைத்த பிரதி) காப்பாற்றும். லைட்ஸ்பீட் என்ற சேர்வர் மென்பொருள் உள்ள நிறுவனங்களில், சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கான கேஷ் பிளகின் (துணை மென்பொருள்) நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கூடை, கட்டணம் செலுத்தும் பக்கம் போன்றவை ஆளுக்கு ஆள் மாறுபவை, அவற்றைக் கேஷ் செய்ய முடியாது. கடை நடத்துபவர்கள் அதனால்தான் இந்த எண்ணைக் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்தது ஐனோட் வரம்பு. கோப்புகளின் எண்ணிக்கைக்கான உச்சவரம்பு இது. படம், பிளகின், கேஷ் எல்லாம் ஒவ்வொரு கோப்பாக எண்ணப்படும். பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. ஐந்து வருட மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்கும் அலுவலகம் ஒன்று, இடம் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் புது மின்னஞ்சல் வராமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்கும் இடத்தை விடுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. சைட்டை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பை நீங்களே மாற்ற முடிய வேண்டும். 7.4க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதையே புதிது என்று காட்டும் இடத்தில் வேறு எதுவும் புதிதாக இருக்காது. எஸ்எஸ்டி வட்டு இப்போது எல்லா இடத்திலும் உண்டு, அதை ஒரு சிறப்பாக எண்ணத் தேவையில்லை.

ஐந்தாம் படி: ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

முதல் வருட விலையைப் பார்க்கவே வேண்டாம். ஓர் உதாரணம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மாதம் 3 டொலர் என்கிறது, ஆனால் மூன்று வருடக் காசை முன்கூட்டிக் கட்ட வேண்டும்: 108 டொலர். நான்காம் வருடத்திலிருந்து மாதம் 11 டொலர், இரண்டு வருடத்துக்கு 264. மொத்தம் 372 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 1,11,600 ரூபாய். உள்ளூர் நிறுவனம் வருடத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறது, 18 சதவீத வற் வரி சேர்த்தால் 21,240. ஐந்து வருடத்துக்கு 1,06,200. 'மூன்று டொலர் எங்கே, பதினெண்ணாயிரம் எங்கே' என்று வாய் பிளந்த இரண்டும் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

இதற்கு மேல் டொலர் ஏறி இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. அந்த மாதங்களில் என் வாடிக்கையாளர் ஒருவரின் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணமே போகவில்லை. புதுப்பிக்கும் திகதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மெல்பேர்னில் இருக்கும் அவருடைய தங்கை அங்கிருந்து கட்டினார். வெளிநாட்டு நிறுவனத்தை எடுப்பதென்றால் அட்டை மறுக்கப்பட்டால் எத்தனை நாள் அவகாசம், வேறு எப்படிக் கட்டலாம் என்று இப்போதே கேளுங்கள். அட்டைக்கு வங்கி எடுக்கும் நாணய மாற்றுக் கட்டணத்தையும் உங்கள் மாதாந்த அறிக்கையில் பார்த்துக் கணக்கில் சேருங்கள்.

புதுப்பிக்கும் விலை பெரும்பாலும் விலைப் பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது கூடையில் போட்ட பிறகுதான் தெரியும். கட்டணப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கே முன்கூட்டியே டிக் போடப்பட்ட 'பாதுகாப்புப் பொதி', 'தினசரி பேக்கப்' எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நீங்கள் வாங்கும் பிளான்.

அப்டைம் (சைட் விழாமல் இருக்கும் நேரம்) உத்தரவாதத்தையும் காசாக மாற்றிப் பாருங்கள். 99.9 சதவீதம் என்றால் முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம் விழலாம். 99 சதவீதம் என்றால் 7 மணிநேரம் 12 நிமிடம். சரி, அதற்கும் மேல் விழுந்தால் என்ன தருவார்கள்? பல ஒப்பந்தங்களில் நட்டஈடு என்பது அடுத்த பில்லில் ஒரு கழிவு மட்டும்தான், அதிலும் முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரம் சேராது. மாதம் 1,200 ரூபாய் பிளானில் நேர விகிதப்படி கழித்தால் அந்த ஏழு மணிநேரத்தின் பெறுமதி 12 ரூபாய். ஆகவே உத்தரவாதத்தின் எண்ணை விட, கடந்த மாதங்களில் எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது என்பதை வெளிப்படையாக எழுதிவைக்கும் ஸ்டேட்டஸ் பக்கம் இருக்கிறதா என்பதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஆறாம் படி: காசு கட்டும் முன்பே ஆதரவைச் சோதியுங்கள்

ஒரு வாரத்தில் பாதியை இதற்கே செலவழியுங்கள். மற்றதையெல்லாம் பிறகு சரிசெய்யலாம், ஆதரவு மோசமென்றால் சரிசெய்ய வழியே இல்லை.

மூன்று கேள்வியை மூன்று வேளையில் அனுப்புங்கள். முதலாவது வேலைநாள் பகலில், எளிய கேள்வி: புதுப்பிக்கும் விலை என்ன, இலவசமாக இடம்மாற்றித் தருவீர்களா? இரண்டாவது இரவு பதினொரு மணிக்கு, எண் கேட்கும் கேள்வி. நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "இந்தப் பிளானில் என்ட்ரி ப்ராசஸ், ஐனோட், மணிக்கு அனுப்பக்கூடிய மின்னஞ்சல், இந்த மூன்றின் வரம்பையும் தயவுசெய்து எண்ணில் தாருங்கள்." மூன்றாவது ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில். உள்ளூர் நிறுவனமென்றால் இதைத் தவறவிடாதீர்கள். '24 மணிநேரமும்' என்று எழுதியிருக்கும் சில இடங்களில் போயாவுக்கும் ஏப்ரல் புத்தாண்டு வாரத்துக்கும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

பதில் வந்த வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் வந்த பதில் ஒன்றை இங்கே சொல்கிறேன்: "எங்கள் பிளான்கள் எல்லா வகை இணையத்தளங்களுக்கும் ஏற்றவை, இப்போதே வாங்கினால் கழிவு உண்டு." நான் கேட்ட மூன்று எண்ணில் ஒன்றும் இல்லை. இன்னோர் இடத்தில் நாற்பது நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது. மூன்று எண்ணும் இருந்தன, கூடவே "உங்கள் கடையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னால், இந்தப் பிளான் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரியும். சேலைக் கடை இன்று இருப்பது அந்த இரண்டாவது இடத்தில்தான். அந்த வரியை எழுதியவர் சைட் விழும் இரவிலும் கேள்வி கேட்டுக் காரணத்தைத் தேடுவார் என்று நம்பினேன். அடுத்த தீபாவளியில் அப்படித்தான் நடந்தது.

மொழியையும் கேளுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கடை முதலாளியே போன் எடுத்துக் கதைக்க வேண்டி வரலாம். தமிழில் கதைக்க ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கொழும்பில் இருக்கும் நிறுவனத்திடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதுதான். இருக்கிறார் என்றால் அவரோடு ஒரு தடவை கதைத்தும் பாருங்கள்.

ஏழாம் படி: பேக்கப் எங்கே கிடக்கிறது

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் முழுமையாக அழிந்தது. பேக்கப்பும் அதே இடத்தில் இருந்ததால் தங்கள் தரவை நிரந்தரமாக இழந்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 'தினசரி பேக்கப் உண்டு' என்ற வரியைப் பார்த்ததும் இதை நினையுங்கள். வேறு கட்டடத்தில் வைக்கிறார்களா? எத்தனை நாள் வைக்கிறார்கள்? நானே மீட்டெடுக்கலாமா, டிக்கெட் போட வேண்டுமா? மீட்டுத் தரக் காசு எடுப்பார்களா?

அவர்கள் என்ன சொன்னாலும் வாரம் ஒரு முழுப் பிரதியை உங்கள் கணினிக்கோ வேறு ஒரு கிளவுட் சேமிப்புக்கோ இறக்கி வையுங்கள். முழுப் பிரதியை இறக்க அனுமதிக்காத இடத்தை நான் எடுப்பதில்லை, ஏனென்றால் விலகும் நாளில் கையில் இருக்க வேண்டியது அதுதான்.

எட்டாம் படி: பணம் திரும்பும் காலத்துக்குள் போட்டுடைத்துப் பாருங்கள்

பல நிறுவனங்கள் 30 நாளுக்குள் காசைத் திருப்பித் தரும், டொமைன் கட்டணம் மட்டும் திரும்பாது. முடிந்தால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. பழைய ஹோஸ்டிங்கை மூடாமல், சைட்டின் ஒரு பிரதியைப் புது இடத்தில் ஏற்றுங்கள்.

முதலில் தமிழைச் சோதியுங்கள். நீண்ட தமிழ்த் தலைப்போடு ஒரு பதிவு போட்டு, 'ஸ்ரீ', 'ஔ' போன்ற எழுத்துகளையும் ஓர் இமோஜியையும் சேர்த்துச் சேமியுங்கள். கேள்விக்குறிகளாக மாறினால் டேட்டாபேஸ் பழைய லத்தீன் எழுத்துமுறையில் கிடக்கிறது, தமிழும் இமோஜியும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பதிவின் முகவரியும் தமிழில் இருந்தால் அதை வேறு போனில் திறந்து பாருங்கள். சில சேர்வர்களின் பாதுகாப்பு வடிகட்டி, நூற்றுக்கணக்கான குறியீடுகளாக விரியும் தமிழ் முகவரியைத் தாக்குதல் என்று நினைத்து 403 (அனுமதி இல்லை) காட்டுகிறது. அந்த ஒரு விதியைத் தளர்த்தித் தரும்படி கேளுங்கள். விளங்கிச் செய்தார்களா, வடிகட்டியையே முழுதாக நிறுத்திவிட்டார்களா என்பதில் அவர்களின் தரமும் தெரிந்துவிடும். .இலங்கை டொமைன் வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருங்கள்: சிபேனலில் அது ஆங்கில எழுத்துக் குறியீடாகத்தான் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் மின்னஞ்சல். புதுக் கணக்கிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள் மூன்றும் தேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றில் கண்டிப்பாக இருக்கின்றன. மூன்றும் தேறியும் ஸ்பாமுக்குப் போனால், அதே ஐபியைப் பகிரும் இன்னொருவர் கெட்ட பெயர் வாங்கி வைத்திருக்கலாம். டிக்கெட் போடுங்கள், என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சோதனைப் பிரதியின் ஒரு கோப்புறையை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுத் தரும்படி கேளுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். சைட் திரும்பி வந்த பிறகு, டொமைனின் டிடிஎல் அளவை (பழைய சேர்வர் முகவரி இணையத்தின் நினைவில் இருக்கும் நேரம்) 300 செக்கனுக்குக் குறைத்து ஒரு நாள் விட்டு, புது சேர்வரை நோக்கித் திருப்புங்கள். பழைய கணக்கை இன்னும் இரண்டு வாரம் உயிரோடு வைத்திருங்கள், வழி தவறி அங்கே போய் விழும் மின்னஞ்சல்களை எடுத்துக்கொள்ள.